ஆட்சேபனை இல்லை

பள்ளியிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் அடுத்தவர் குழந்தையைத் தூக்கிச் சென்றால் ஆள்கடத்தல் வழக்கு, பத்து வருடச் சிறை. சட்டம் கடுமையான பிறகு, பள்ளித் தெருவில் யாரும் பிள்ளைகளின் பக்கமே போவதில்லை. எட்டு வயது நிறைமதி வெயிலில் மயங்கி விழுந்தபோதும் இருபது பேர் எட்டி நின்றே பார்த்தார்கள். தையல்கடை ரெஜினா மட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

குழந்தை பிழைத்துவிட்டது. ரெஜினாவைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

“உங்களுக்கு ஆட்சேபனை இல்லேன்னு கையெழுத்துப் போட்டா இவங்கள இப்பவே அனுப்பிடுவோம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

நிறைமதியின் தாய் அமுதவல்லி பேனாவை எடுத்தாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. ரெஜினாவைப் பார்த்தாள்.

“அத்தனை பேரு சும்மா நின்னாங்களே, நீங்க மட்டும் ஏன் தூக்குனீங்க?”

“மூச்சு வாங்குச்சு பாப்பாவுக்கு.”

“முன்னாடியே அவளைத் தெரியுமா?”

“தெனம் என் கடை வழியாத்தானே போகும். ஒருநாள் கிழிஞ்ச பையத் தச்சுக் குடுத்தேன்.”

அமுதவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தினமும் என் மகளைக் கவனித்திருக்கிறாள். எதற்காக?

பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். ரெஜினா கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்து உலுக்கினாள்.

“யாரு தூக்குனாலும் கத்தணும்னு சொன்னேன்ல? ஏன்டி கத்தல?”

நிறைமதி மிரண்டுபோய்ச் சொன்னாள்:

“நான்தான் மயங்கிட்டேனேம்மா.”