பின்வரிசை

"சின்னவ பின்னாடி ஜன்னலோரமா நிக்கட்டும். அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள் மூத்த மருமகள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளிச்சம் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருந்தது.

முன்னால் நாற்காலிகளில் மாமியார், மாமனார், மகன்கள் அண்ணனும் தம்பியும். மாமனார் மடியில் மூத்தவளின் மகள். மாமியாருக்குப் பக்கத்து நாற்காலி காலி; அது மூத்தவளுக்கு.

இளையவள் மறுபேச்சில்லாமல் ஜன்னலோரம் போய் நின்றாள். அவள் எதற்கும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதுவே ஓர் எரிச்சல்.

வாசலில் பெட்டிகள். இளையவளும் கணவனும் வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். வண்டி வந்து காத்திருக்கிறது. கிளம்புவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும், அதைக் கூடத்தில் பெரிதாக மாட்ட வேண்டும் என்று மாமியாருக்குப் பிடிவாதம்.

மாட்டினால் தினம் இளையவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

நேற்று வந்தவள். அவள் கையால் கொடுத்தால்தான் மாமனாருக்கு மாத்திரை இறங்குகிறது. தான் பெற்ற மகள் சீப்பைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம்தான் ஓடுகிறாள். வீட்டில் வாயே திறக்காத மூத்தவளின் கணவன், அவள் சொல்லும் அரைகுறை ஜோக்குக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான்.

போகிறாள், சரி. போன பிறகும் சுவரில் இருப்பாளே.

மூத்தவள் கேமராவைத் தானாகத்தான் பழகினாள். யாருமில்லாத மத்தியானங்களில் சாப்பாட்டு மேஜைமேல் டம்ளர்களை முன்னும் பின்னுமாக வைத்து எடுத்துப் பார்ப்பாள். லென்ஸின் வாயை அகலத் திறந்தால் முன்னால் உள்ள டம்ளர் மட்டும் துல்லியமாக நிற்கும். பின்னால் உள்ளது பனியில் கரைந்ததுபோல் ஆகிவிடும். குறுக்கினால் எல்லாம் தெளியும். கூட்டமாக எடுக்கும்போது குறுக்க வேண்டும் என்பது பாலபாடம்.

அவள் அகலத் திறந்தாள்.

மாமியாரின் மூக்குக்கண்ணாடியில் ஃபோகஸை நிறுத்தினாள். யாரையும் வெட்டவில்லை, ஒதுக்கவில்லை. கேட்டால் லென்ஸ்மேல் பழியைப் போடலாம்.

டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள்.

காலி நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். தாத்தா மடி போதவில்லை போலிருக்கிறது.

"அக்கா, இங்க வாங்க. எம் பக்கத்துல இடம் இருக்கு."

கேமராவின் சிவப்பு விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியது. மகளை எழுப்ப நேரமில்லை. மூத்தவள் ஜன்னலோரம் போனாள். இளையவளின் கை அவள் தோளை வளைத்தது. உடம்பை விறைத்துக்கொண்டு லென்ஸையே பார்த்து நின்றாள்.

கேமராவின் சின்னத் திரையில் படம் அழகாகத்தான் தெரிந்தது. அந்த அளவில் எல்லாமே அழகாகத் தெரியும். எல்லோரும் தலையை நுழைத்துப் பார்த்து, போதும் என்றார்கள்.

இன்னொன்று எடுக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வெளியே ஹாரன் அடித்தார்கள். பெட்டிகள் நகர்ந்தன.

பெரிதாக்கிய படம் சட்டத்தோடு வந்து கூடத்தில் ஏறியது.

முன்வரிசை துல்லியம். மாமியாரின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டுப் போட்ட இடம்கூடத் தெரிந்தது. பின்னால் இரண்டு பெண்கள், ஈரத்தில் ஊறிய சித்திரம்போல. இதில் எது அம்மா, எது சித்தி என்று மகள் கேட்டாள்.

மூத்தவளுக்குத் தன்னைத் தெரிந்தது. நேரே பார்த்து விறைத்து நிற்பவள்.

மற்றவள் திரும்பியிருந்தாள். கருங்கூந்தல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்ததில், முகம் இவள் பக்கம் திரும்பியிருப்பது மட்டும் தெளிவு. அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில், அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் மூத்தவளைப் பார்த்திருக்கிறாள்.

பிரியத்தோடா? ஏளனமாகவா? எல்லாம் தெரிந்துதான் பக்கத்தில் கூப்பிட்டாளா?

மாமியார் போனோடு கூடத்துக்கு வந்தார். "சின்னவ பேசுறா. அவ மூஞ்சி எப்படி விழுந்திருக்குன்னு ஒங்கிட்டதான் கேக்கணுமாம்."

மூத்தவள் படத்தை நோக்கி இன்னும் ஓர் அடி வைத்தாள்.

நெருங்க நெருங்க அந்த முகம் கலைந்தது.