சாப்பிட்டாயா என்று கேட்டவன்

இப்போதெல்லாம் திருடர்களின் செயற்கை அறிவு யார் குரலில் வேண்டுமானாலும் பேசிவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டுக் கைபேசியைக் காக்கும் செயற்கை அறிவு குரலை நம்பாது; காவல் என்றுதான் அதைச் சொல்வோம். குணத்தைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடும்.

டென்வரில் இருக்கும் எங்கள் மகன் திருமேனியின் குணம் அதற்கு மனப்பாடம். "ம்", "சரி", "வைக்கேன்" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நேற்று அவன் குரலில் ஓர் அழைப்பு வந்தது. காவல் அதை நிறுத்தி வைத்து, பேசியதை எங்களுக்குப் போட்டுக் காட்டியது.

"அம்மா, சாப்டியா? முட்டுவலி எப்படிம்மா இருக்கு? ஊருக்கே வந்துரலாம்னு பாக்கேன். வரட்டுமாம்மா?"

"உங்கள் மகன் இப்படிப் பேசியதே இல்லை. போலி என்று சொல்லித் துண்டிக்கட்டுமா?" என்றது காவல்.

என் மனைவி செண்பகவல்லி இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"களவாணிப்பய, எவ்வளவு பாசமா பேசுதான் பாத்தீங்களா? துண்டிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். எனக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்று காலை ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"பெத்தவங்களே என்னைப் போலின்னுட்டீங்க. இனிமே நான் வரல. வைக்கேன்."

காவல் அதை உடனே உள்ளே விட்டது.

"உங்கள் மகன்தான்," என்றது. "சந்தேகமே இல்லை."