கம்பெனி டயர்

"ஏம்மா, இது காரா, மாவு அரைக்கிற மிஷினா?"

பின் சீட்டிலிருந்து மாமியார் கேட்டார். ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தார். இன்னொரு கை முன் சீட்டை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரத்தச் சிவப்பில், தரையோடு தரையாகப் பாயும் ஸ்போர்ட்ஸ் கார். ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்த சம்பளத்தில், தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள். இன்னும் புது வாசனைகூடப் போகவில்லை.

"இந்த மாதிரி டயர்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும் அத்தை. வளைவுல எப்படிப் பிடிச்சு நிக்குது பாருங்க!"

"நின்னுது போ! சத்தம் காதைக் கிழிக்குது. சின்னக் கல்லு மேல ஏறினாக்கூட இடுப்பு வரைக்கும் இடிக்குது. ரோடு கொஞ்சம் தேஞ்சிருந்தா ஸ்டியரிங் தானா ஒரு பக்கம் இழுக்குது. மொதல்ல இந்த டயரை மாத்து."

"புது டயர் அத்தை! கம்பெனிக்காரன் யோசிக்காமலா போட்டுக் குடுத்திருப்பான்?"

"செருப்புகூடத்தான் புதுசு. கடிச்சா கழட்ட மாட்டியா?"

பக்கத்து சீட்டிலிருந்த கணவன், ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பத்தை வெகு அக்கறையாக ஆராய்ந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் "சிக்னல் விழுந்துடுச்சு" என்பதைத் தவிர வீடு வரும்வரை அவன் வேறெதுவும் பேசவில்லை.

சமையலறைக்குள் நுழைந்ததும் மருமகள் வெடித்தாள்.

"நான் கார் வாங்கினதே உங்கம்மாவுக்குப் பிடிக்கலை. அதை நேராச் சொல்ல முடியாம டயர் மேல பழியைப் போடறாங்க."

"சேச்சே, அம்மா அப்படியெல்லாம்..."

"நீங்க பேசாதீங்க. கார்ல பேசாதவர் இங்க மட்டும் எதுக்குப் பேசணும்?"

அவன் குக்கர் மூடியை வெகு அக்கறையாக ஆராயத் தொடங்கினான்.

அடுத்த வாரம் முழுக்க வழக்கம்போலவே கழிந்தது. காலையில் டியூட்டி முடிந்து வருவாள், கார் சாவியை ஆணியில் மாட்டுவாள், குளித்துவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் சாயங்காலம்தான் எழுவாள். மாமியாரோடு பேச்சு, "சாப்பிட்டியா?", "ஆச்சு அத்தை" என்ற அளவில் நின்றது.

ஒரு நாள் மட்டும் மத்தியானம் தாகமெடுத்து விழிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்தவள், பால்கனியில் மாமியார் தன் தங்கையிடம் போனில் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"அந்த டயரை மாத்தினாத்தான்டி எனக்கு நிம்மதி. மழைக்காலம் வேற வருது. ஒரு வளைவுல வழுக்கிச்சுன்னா என்ன ஆகும்? நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன், கேக்க மாட்டேங்கறா."

மருமகள் கதவில் சாய்ந்துகொண்டாள். ராத்திரியில், மழையில், தான் தனியாக ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தா இவ்வளவு தவிப்பு? பெற்ற தாய்கூட "பார்த்துப் போ" என்பதோடு சரி. இந்த மனுஷியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்தாள். தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை அவளே போய், "கிளம்புங்க அத்தை, டயர் கடைக்குப் போகலாம்" என்றாள். மாமியார் முகத்தில் பல்பு எரிந்தது. புடவையைக்கூட மாற்றாமல் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்ல டயராச்சே மேடம்! காய்ஞ்ச ரோட்டுல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. தேயற வரைக்கும் ஓட்டலாமே?"

"மழையில?"

"அடக்கி ஓட்டணும். மழைக்குத் தோதா வேற டயர் இருக்கு. சத்தம் கம்மி, மெத்துனு போகும். ஆனா இந்த விறைப்பு அதுல வராது, பார்த்துக்குங்க."

அந்த விறைப்புக்காகத்தானே இந்தக் காரையே வாங்கினாள்! நோயாளிகளின் முனகலுக்கு நடுவே இரவெல்லாம் நின்றுவிட்டு, விடிகாலையில் காலியான மேம்பாலத்தில் ஒரு வளைவு வளைந்து இறங்குவாளே, அந்த ஒரு நிமிஷத்துக்காக. மருமகள் திரும்பிப் பார்த்தாள். கடை வாசலில் மாமியார், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"அதையே போட்டுடுங்க" என்றாள்.

நான்கு சக்கரங்களும் மாறின. கடைக்காரர் கடைசி நட்டை முறுக்கி முடித்ததும், மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். உங்களுக்குக் கார் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்! மன்னிச்சுடுங்க."

"அட, இந்தக் காரையா பிடிக்காது?" மாமியார் ஏனோ திருதிருவென்று விழித்தார். "அது வந்தும்மா... மழைன்னா பயம்தானே... சரி சரி, வா, வீட்டுக்குப் போகலாம்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தை ஏறுவதற்காகப் பின் கதவைத் திறந்து பிடித்தாள். யாரும் ஏறவில்லை. முன்பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

டிரைவர் சீட்டில் மாமியார். பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, கைப்பையிலிருந்து புத்தம் புது லைசென்ஸை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஐயோ அத்தை, அது டிரைவர் சீட்டு!"

"தெரியும்மா. பகல்ல நீ தூங்கறப்போ தினமும் நான் உட்கார்ற சீட்டுதானே!"