ஒரே ஒரு சிரிப்பு

“திருட்டுப் படமா பார்க்கறீங்க? விளங்கிடும்!” என்றாள் மனைவி.

“உஷ்! எவனோ தியேட்டர்ல உட்கார்ந்து போன்ல புடிச்சு நெட்ல விட்டிருக்கான். ஜனங்க சத்தமும் கேட்குது.”

அவர் ஒலியைக் கூட்டினார். யாரோ இருமினார்கள். திரையில் நாயகன் மாவு மூட்டையோடு உருண்டு விழுந்தான். அரங்கம் கல்லாய்க் கிடந்தது.

“எடுத்தவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம, நீங்க டைரக்ட் பண்ண படத்தை அவன் புண்ணியத்துல பார்க்கறீங்களே!”

“படம் படுத்ததுக்கு இந்தத் திருட்டுதான் காரணம்னு தயாரிப்பாளர்கிட்ட சொல்லியிருக்கேன். வந்தவங்க சிரிச்சாங்கன்னு காட்டினாத்தான் அடுத்த படம் குடுப்பார்.”

அப்போது ஒரு சிரிப்பு வெடித்தது. வயிறு குலுங்கும் சிரிப்பு.

“கேட்டியா! ரசிகன்டி!” என்று துள்ளினார் இயக்குநர்.

சிரிப்பு ஓயவில்லை. படம் பிடித்தவன் எரிந்து விழுந்தது தெளிவாகக் கேட்டது. “யோவ், பக்கத்துல உட்கார்ந்துகிட்டுப் படத்தைக் கெடுக்காதய்யா!”

உடனே பணிவாக ஒரு பதில் வந்தது. சாட்சாத் இயக்குநரின் குரல்.

“மன்னிச்சுக்குங்க தம்பி. நீங்க பாருங்க.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதையா தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டப் போறீங்க?”