மைய அரைத்த சோறு

மூன்றாவது கரண்டியையும் ஹெப்ரான் துப்பிவிட்டார். குழைந்த சோறு லில்லியின் முந்தானையில் தெறித்து வழிந்தது.

"இன்னும் திப்பி இருக்கும்மா. அதான் அப்பாவுக்குத் தொண்டையில இறங்கமாட்டேங்கு," என்றாள் மகள் ஃபெபி.

லில்லி விரலால் நசுக்கிப் பார்த்தாள். பருக்கை போல ஒன்றிரண்டு தட்டுப்பட்டன. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அடுப்படிக்கு ஓடினாள்.

ஹெப்ரான் பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் 'ஏலே' என்றால், அந்தக் கோடியில் ஓடுகிறவன் அப்படியே நின்றுவிடுவான். போன மாதம் பக்கவாதம் வந்து, வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுத்தார்கள். இடது கையால் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கடைசியில் அந்தக் கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டிய கையைப் பார்த்துக்கொண்டே அவர் அழுததை லில்லியால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொல்லியிருந்தார். "விழுங்குத சக்தி திரும்பிட்டு, பயப்படாதீங்க. பிரஷர் இருக்கதால உப்பு, காரம், எண்ணெய் கூடாது. எதைக் குடுத்தாலும் மைய அரைச்சுக் குடுங்க."

வீட்டு மிக்ஸி மைய அரைக்கவில்லை. பக்கத்து வீட்டு சுகிர்தா தன்னுடைய ஃபுட் பிராசசரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சூடு ஆறியபிறகு போடணும், ஜாரில் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விட்டு விட்டு ஓட்டணும் என்று அவள் சொன்னதையெல்லாம் லில்லி அப்படியே செய்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய், முள் எடுத்த மீன் என்று எல்லாவற்றையும் அரைத்துப் பார்த்தாயிற்று. எல்லாம் துணியில்தான் போய்ச் சேர்ந்தது.

அன்று காலையில் வந்த டாக்டருக்கு நாடி பார்த்ததும் முகம் மாறியது.

"ரொம்ப வாடிட்டாரும்மா. சாயங்காலம் வாரேன். அதுக்குள்ள ஒண்ணும் உள்ள போகலன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். குழாயைத் தவிர வேற வழி கிடையாது."

"திரும்பவும் கையைக் கட்டுவீங்களா டாக்டர்?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டார்.

இப்போது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. லில்லி புதிதாக அரைத்த விழுதோடு வந்து உட்கார்ந்தாள். ஹெப்ரான் அவள் முகத்தையே பார்த்து வாயைக் குவித்தார்.

"ஊ... ஊ..."

"சுடுதா? இருங்க, ஊதித் தாரேன்."

ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தாள். அவர் துப்பினார். துப்பியதோடு நிற்காமல், இடது கையால் கிண்ணத்தையும் தட்டிவிட்டார்.

லில்லி உடைந்துபோனாள். "போயிரணும்னே முடிவு பண்ணிட்டீங்களா? எங்க ரெண்டு பேரையும் நெனச்சுப் பாத்தீங்களா?" என்று கத்தினாள். அவர் கண்ணோரம் நீர் இறங்கியதைப் பார்த்ததும் அங்கே நிற்க முடியாமல் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று விம்மினாள்.

ஃபெபி பைய வந்து அவள் தோளைத் தொட்டாள். "எம்மா, பிளேடு மழுங்கியிருக்கும். கல் உப்பைப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினா கூர் ஏறும்னு சுகிர்தா அத்தை சொன்னாவ."

"அதையும் செஞ்சு பாத்துருவோம்ட்டி."

ஒரு கைப்பிடி கல் உப்பு ஜாரில் கடகடவென்று சுற்றிப் பொடியானது. அதற்குள் வாசலில் டாக்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. லில்லிக்குக் கைகால் ஓடவில்லை. ஜாரைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். சோற்றையும் பருப்பையும் அள்ளிப் போட்டு ஓட்டினாள்.

விரலில் தொட்டுப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று பார்க்க, லில்லி முதல் கரண்டியை ஊட்டினாள். ஹெப்ரான் வாயை மூடினார். கண்ணையும் மூடிக்கொண்டார். துப்பப்போகிறார் என்று ஃபெபி துணியை நீட்டினாள்.

தொண்டை ஏறி இறங்கியது. வாய் மறுபடியும் திறந்தது.

அடுத்த கரண்டி போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. கிண்ணம் காலியாயிற்று.

"பாத்தீங்களா டாக்டர்? பிளேடு மழுங்கினதுதான் இத்தன நாளும்..." லில்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நான்தான் சொன்னேம்லா, மைய அரைக்கணும்னு," என்றார் டாக்டர் பெருமையாக.

ஹெப்ரான் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். இடது கையால் லில்லியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். ஒரு மாதமாக ஒரு சொல்லும் வராத வாய் கோணிக்கொண்டு திறந்தது. குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இன்னைக்காவது உப்பு போட்டியே, லில்லி!"