எதிர்வீட்டுக் கறுப்பு ஷூ

"தப்பு பண்ணும்போது ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே பண்ணானுங்க மேடம்? ஷூ மட்டும் இன்னாத்துக்கு அவனுக்கு?"

கன்னியம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கோபம், ஆபீஸுக்குள்ளும் நின்றுகொண்டே இருந்தது.

நன்னடத்தை அலுவலர் சங்கமித்ரா ஃபைலை மூடினார். "எந்த ஷூம்மா?"

"எல்சி மவன் அலெக்ஸு போட்டுகினு திரியறானே, கறுப்பு ஷூ, முன்னாடி இரும்பு வெச்சது. வெல்டிங் கத்துக்க நீங்கதானே சேத்துவுட்டீங்க? அந்த எல்சி அத்த தொடச்சித் தொடச்சி வாசப்படியில வெக்கிறா. எதுத்தாப்புல நா பாக்கணும்னே வெக்கிறா!"

விம்கோ நகர் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய ஃபேக்டரியில் தாமிரக் கம்பி உருவியபோது, அலெக்ஸும் கன்னியம்மாவின் மகன் டில்லிபாபுவும் ஒன்றாகத்தான் பிடிபட்டார்கள். இருவருக்கும் பதினாறு வயது. ஆனால் தீர்ப்பில் ஓரவஞ்சனை நடந்துவிட்டது என்பது கன்னியம்மாவின் கட்சி. டில்லி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். அலெக்ஸுக்கு மட்டும் வாராவாரம் மேடமே ஸ்கூட்டரில் வீடு தேடி வருவாராம். படிப்பாம், ஷூவாம், 'நல்லா இருக்கியாப்பா' என்று விசாரிப்பாம்.

"லேசா முடிஞ்சதேன்னு நீங்க சந்தோஷப்படணும்மா. அலெக்ஸுக்கு இது ரெண்டாவது கேஸ், அப்பா வேற இல்ல. மறுபடி தப்புக்குப் போற ஆபத்து யாருக்கு அதிகமோ, அவனைத்தான் நாங்க நெருங்கிப் பார்த்துக்கணும். நீங்க இஸ்திரி போடறவங்கதானே? பட்டுப் புடவைக்கும் ஜீன்ஸுக்கும் ஒரே சூடா வைப்பீங்க?"

"சூடு கம்மியா வெச்சாக்கூட சரி மேடம். என் துணிய நீங்க தேய்க்காமலே மடிச்சிக் குடுத்துட்டீங்களே!"

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அவன் ஒண்ணும் ஒயுங்கு இல்ல, தெரிஞ்சிக்கோங்க. அஞ்சரைக்கு பஸ்ஸ வுட்டு எறங்கறவன், செவ்வாக்கெயம ஆறே முக்கால் ஆயும் வூடு வந்து சேரல. இன்னாடான்னு பாத்தா, ரீசார்ஜ் கடையாண்ட பழைய தோஸ்துங்க மூணு பேரோட நின்னுகினுகீறான். நாந்தான் இஸ்திரிப் பொட்டிய அப்டியே வெச்சிட்டு ஓடிப்போயி, 'ஓசியில ஷூ குடுத்தது ஊர் சுத்தறதுக்காடா'ன்னு கத்தினேன். தலைய தொங்கப் போட்டுகினு வூட்டுக்குப் போனான். வியாயக்கெயம கிளாஸு லீவு. மத்தியானம் சோறு துன்னல, ஒரே ஒரு பன்னு. இதெல்லாம் ஒங்க ஃபைலுல கீதா?"

"இல்லம்மா."

"எப்டி இருக்கும்? எல்சி சொன்னாத்தானே!"

கன்னியம்மா இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மெல்ல எடுத்துவிட்டாள்.

"என் புள்ளயும் கெட்டவந்தான் மேடம். எயுதிக்கோங்க."

"அப்படியா? என்ன பண்றான்?"

"கஞ்..." வாய் வரவில்லை. பெற்ற வயிறு. "பீடி. பீடி புடிக்கிறான். எப்பனா ஒரு வாட்டி. எதுத்துப் பேசறான். எங்க போறான், எப்ப வரான், யாரோட சுத்தறான், எனக்கு ஒண்ணுமே தெர்ல. வாராவாரம் நீங்க வந்தாத்தான் அடங்குவான்."

சங்கமித்ரா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார். "ம்... இப்ப எங்க இருக்கான்?"

"இப்பவா? மணி நாலரதானே? டுட்டோரியல்ல கீறான். கணக்கு கிளாஸு. அஞ்சுக்கு வுடுவாங்க. எலுமிச்ச சோறு கட்டிக் குடுத்தேன், பாதிய பக்கத்து பெஞ்சு பையனுக்குக் குடுத்திருப்பான், அவன் எப்பவும்..."

கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சங்கமித்ரா அதுவரை எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "இந்த ஒரு கேள்வியைத்தாம்மா நான் பெரிசா நம்புவேன். பையன் இந்த நிமிஷம் எங்கேன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா, என் ஸ்கூட்டருக்கு அங்க வேலை இல்ல. வெல்டிங் அடுத்த பேட்ச்சுக்கு டில்லி பேரையும் கேட்டுப் பார்க்கறேன். அதுக்காக அவனைக் கெட்டவன் ஆக்காதீங்க."

அது கன்னியம்மாவுக்குப் போதவில்லை. "இதே கேள்விய எல்சியாண்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னா? காலையில ஆறு மணிக்கு எண்ணூர் கம்பெனி கேன்டீனுக்குப் போறவ, திரும்ப எட்டாவுது. அவளுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுன்னு உண்மையைச் சொன்னாங்க."

"பாத்தீங்களா!" கன்னியம்மாவின் முகத்தில் லாட்டரி அடித்த களை.

"ஆனா இனிமே அலெக்ஸையும் மாசம் ஒரு தடவை பார்த்தா போதும்னு எழுதப்போறேன். போன வாரம்வரை யோசிச்சேன். இன்னிக்கு நீங்க வந்து பேசினதும் முடிவு பண்ணிட்டேன்."

"எது? தெரியாதுன்னு சொன்னவ புள்ளைக்கா? இன்னா மேடம் அநியாயம் இது!"

சங்கமித்ரா வேறொரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். எல்சியின் கோணல் எழுத்து. கன்னியம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'எனக்குத் தெரியாது. எதிர்க்க இஸ்திரி வண்டி கன்னியம்மாக்காவைக் கேளுங்க. என் பையன் எங்க இருக்கான், சாப்பிட்டானா இல்லையா, எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தைரியத்துலதான் நான் வேலைக்கே போறேன்.'

கன்னியம்மா கடைசி வரியை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பதறிப்போய் எழுந்தாள்.

"நா கெளம்பறேன் மேடம். அஞ்சரைக்கு அலெக்ஸு பஸ்ஸ வுட்டு எறங்கிடுவான், நா அங்க இல்லாங்காட்டி சரிப்படாது!"