தவளைச் சுருதி

தவளைகளைப் போய்க் கொஞ்சம் ஏற்றிப் பாடச் சொல்ல முடியுமா என்ன? செல்லோவை அணைத்தபடி மதுரவாணி நினைத்துக்கொண்டாள். ஏரியைப் பற்றி அவள் எழுதிய நால்வர் சேர்ந்து வாசிக்கும் தந்தி இசை முதன்முதலாக இன்று ஸ்டூடியோவில் பதிவாகிறது. மழைக்காலம் முழுக்க ஏரிக்கரையில் ஒத்திகை பார்த்ததில், தவளைகளின் சுருதிக்கே நால்வரும் தந்திகளை இறக்கியிருந்தார்கள்.

"சுருதி இறங்கியிருக்கு மேடம். இப்படியே போனா ரெக்கார்டிங் கம்பெனி திருப்பி அனுப்பிடும்," என்றார் ஒலிப்பதிவாளர்.

"ஏத்தினா தவளைங்க கோவிச்சுக்கும் சார்," என்றாள் வயலின் வாசிக்கும் ஜெசிந்தா.

"அதுங்களா கேக்கப்போகுது? கொஞ்சம் ஏத்திக்குங்க மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். மதுரவாணியும் சிரித்தாள். தந்தியை முறுக்கி ஏற்றும் பிருடை வரை போன விரல்கள் அங்கேயே நின்றன. ஏற்றினால் அது வேறு ஏதோ ஏரி.

"இப்படியே எடுங்க சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வில்லைத் தந்தியில் வைத்தாள்.